‘வீட்டிலேயே இருந்திருக்கலாமே’ என்பவர்களுக்கு

கைக்குழந்தையோடு தியேட்டருக்கு வருகிறவர்களைப் பற்றி, படித்து நல்ல வேலையில் இருக்கும் நகரத்து மனிதர்கள் இன்று கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசுகிறார்கள். அது சுயநலம் என்கிறார்கள். இருநூறு ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்தவரின் இரண்டரை மணி நேரத்தைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்கிறார்கள். அவ்வளவு சத்தத்தில் பச்சைப்பிள்ளையின் காது என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். நான்கு வாரம் பொறுத்தால் அதே படம் செல்போனுக்கே வந்துவிடும், அதற்குள் என்ன அவசரம் என்கிறார்கள். எல்லாமே கடைசியில் ஒரு வாக்கியத்தில் வந்து முடிகிறது: “வீட்டிலேயே இருந்திருக்கலாமே.”

இதை நான் மறுக்கிறேன். இந்தப் பேச்சில் உள்ள கவலைகள் சில நியாயமானவை. காது பற்றிய கவலை மிகவும் நியாயமானது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் அந்தக் கவலைகளிலிருந்து ‘தாயும் பிள்ளையும் வரக் கூடாது’ என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. அந்த முடிவால் பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை, அரங்கிலும் அமைதி வந்துவிடுவதில்லை. பிள்ளை பெற்ற பெண் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஊரின் பொது இடங்களிலிருந்து காணாமல் போகிறாள். அதனால் விளைவது அது ஒன்றுதான்.

அந்த வாக்கியம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் முதல் காட்சிக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில், சில மாதப் பிள்ளைக்குத் தகப்பன்மார் எத்தனையோ பேர் இருப்பார்கள். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை, பதில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை அவளிடம் இருக்கிறது. அவள் வீட்டில் இருக்கிறாள். அதே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்தால்தான் அரங்குக்கு நாகரிகம் நினைவுக்கு வருகிறது. தகப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், பிள்ளை அவன் மடியிலேயே அழுதாலும், “வெளியில தூக்கிட்டுப் போம்மா” என்ற குரல் அவளைத் தேடித்தான் போகிறது.

பாட்டியிடம் விட்டுவிட்டு வரலாமே என்று அடுத்து ஒரு யோசனை. பாட்டி எங்கே இருக்கிறார்? தாய்வீட்டில் பிரசவம் பார்த்து, ஐந்தாம் மாதம் மகளையும் பேரனையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன அம்மா சங்கரன்கோவிலில் இருக்கிறார். மகள் ஒரகடத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மாமியாருக்கு மூட்டுவலி, இல்லையென்றால் அவரும் வேலைக்குப் போகிறார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பெரியவர்கள் என்று யாருமே கிடையாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது எத்தனை சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும்? இதெல்லாம் இருக்கட்டும். பாட்டி அடுத்த தெருவிலேயே இருந்தாலும், பால்குடிப் பிள்ளையை மூன்றரை மணி நேரம் விட்டுவிட்டு வர முடியாது. போக வர நேரத்தையும் சேர்த்தால் ஒரு படத்துக்கு அவ்வளவு ஆகும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று அரசு மருத்துவமனைச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். அதைக் கேட்டு நடக்கும் பெண்ணிடமே பிள்ளையை விட்டுவிட்டு வா என்கிறோம்.

அந்த முதல் ஆண்டு எப்படிப் போகிறது என்பதைப் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் சொல்வாள். உறங்குவதற்கும் விழிப்பதற்கும் கணக்கில்லை. நாள் முழுக்க நான்கு சுவர், பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வருகிறவர்களும் பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். அவளைப் பார்க்க வருவதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். சினிமாவுக்குப் போனால் அது தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோய் அளவுக்குப் போகாத தனிமை ஒன்று இருக்கிறது. அதில் கிடக்கிற பெண்ணுக்கு நல்ல சேலை ஒன்றைக் கட்டி, பஸ்ஸோ வண்டியோ ஏறி, நூறு பேர் நடுவில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வருவது சின்ன விஷயமில்லை. நான்கு வாரத்தில் செல்போனுக்கு வந்துவிடும் என்பவர்களுக்கு இது புரியவில்லை. அவள் படத்துக்காக மட்டும் வரவில்லை. வெளியே வந்திருக்கிறாள். அதே செல்போனில் அதே நான்கு வாரத்தில் உங்களுக்கும்தான் படம் வரும். நீங்கள் ஏன் காத்திருக்கவில்லை? இருட்டில் எல்லோரோடும் சேர்ந்து பார்க்கும் சுகம் வீட்டில் கிடைக்காது என்பதால்தானே வந்தீர்கள்? அந்தச் சுகம் அவளுக்கும் வேண்டும்.

கைக்குழந்தை தியேட்டருக்கு வருவது அண்மையில் முளைத்த ஒழுங்கீனம் என்பதுபோலப் பேசுவது இன்னொரு தவறு. தமிழ்நாட்டில் படம் பார்த்தவர்களின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படக்கருவியோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். பின்னர் வந்த டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம்; நடுவில் ஒரு தட்டி அல்லது குட்டைச் சுவர். பெண்கள் பக்கம் என்றால் பிள்ளைகள் பக்கம் என்றே பொருள். தரை டிக்கெட் எடுத்து, மணலில் துணியை விரித்துப் பெரியவனைக் கிடத்திவிட்டு, மடியில் சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதும் சிரித்தும் படம் பார்த்த பெண்களின் பேத்திகள்தான் இன்று வீட்டில் இருக்கச் சொல்லப்படுகிறார்கள்.

தமிழ் சினிமா வியாபாரம் அந்தப் பெண்களை நம்பி நின்ற வியாபாரம். நூறாவது நாள் சுவரொட்டியில் ‘தாய்க்குலத்தின் பேராதரவுடன்’ என்று போடாத தயாரிப்பாளர் குறைவு. எம்.ஜி.ஆர். படங்கள் ஓடியதற்கும், 1986இல் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ போன்ற குடும்பப் படங்கள் ஓடியதற்கும் காரணம் யார் என்று விநியோகஸ்தர்களுக்குத் தெரியும். மதுரை தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அப்படிப்பட்ட அரங்குகளை மாட்டினிக் காட்சியிலும் நிறைத்த தாய்க்குலம் இடுப்பில் பிள்ளையில்லாமல் வந்த தாய்க்குலமா? ஆதரவு வேண்டியிருந்த காலத்தில் பிள்ளையோடு சேர்த்து வரவேற்றார்கள். டிக்கெட்டை மூன்று பங்கு விலைக்கு வாங்கும் இளைஞர் கூட்டம் கிடைத்தபின் பிள்ளை தொந்தரவாகிவிட்டது.

அந்தக் கொட்டகை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வேர்வை, மூட்டைப்பூச்சி, மூச்சை அடைக்கும் பீடிப்புகை எல்லாம் அங்கே இருந்தன. கைக்குழந்தைக்கு அந்தப் புகையைவிடக் கெடுதல் வேறில்லை. ஆனால் புகை பிள்ளைக்குக் கெடுதல் என்பதால் பிள்ளை வரக் கூடாது என்று நாம் முடிவு செய்யவில்லை. பொது இடத்தில் புகைக்கத் தடை என்று 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க விதி கடுமையானது. பீடி பிடிப்பவர் வெளியே போனார், தாயும் பிள்ளையும் உள்ளே இருந்தார்கள். அரங்கில் ஒரு கெடுதல் இருந்தால் அந்தக் கெடுதலை எடுக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அன்று எல்லோருக்கும் புரிந்தது.

இப்போது சத்தத்துக்கு வருவோம். நம் அரங்குகள் எப்போது அமைதியாக இருந்தன? முதல் நாள் முதல் காட்சியில் நாயகன் பெயர் திரையில் விழுந்ததும் விசில், கிழித்துப் பறக்கவிடும் காகிதம், இருக்கை மேல் ஏறி ஆட்டம். அந்தக் காட்சியில் முதல் கால்மணி நேர வசனம் யார் காதிலும் விழாது. அதற்குக் கொண்டாட்டம் என்று பெயர் வைத்து, படம்பிடித்துப் பெருமையாகப் பகிர்கிறார்கள். சாதாரண வாரநாளிலும் என்ன நடக்கிறது? “படத்துல இருக்கேன், அப்புறம் கூப்பிடு” என்பதைச் சொல்லி முடிக்க முழுதாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறவர் இருக்கிறார். இருட்டில் போனைத் திறந்து வாட்ஸ்அப் பார்த்து நாலு வரிசைக்கு வெளிச்சம் அடிக்கிறவர் இருக்கிறார். அடுத்து இவன்தான் சாவான் என்று கதையை முன்னாலேயே சொல்லிக்கொண்டு வருகிறவர் இருக்கிறார். இவர்களால் எனக்குக் கெட்டுப்போன காட்சிகள் குழந்தைகளால் கெட்டவற்றைவிடப் பல மடங்கு அதிகம். பிள்ளை அழுதால் தாய் எழுந்துவிடுகிறாள். போன்காரர் எழுவதில்லை. அவரைப் பார்த்து வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று சொல்ல அரங்கில் ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

விசிலை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அடக்கத் தெரிந்தும் அடக்காத வளர்ந்த ஆணின் சத்தத்துக்குச் சலுகை, அடக்கத் தெரியாத எட்டு மாதப் பிள்ளையின் சத்தத்துக்குத் தடை என்ற ஏற்பாடு நியாயமில்லை என்கிறேன். யாருடைய சத்தம் அரங்குக்குச் சொந்தம், யாருடையது அத்துமீறல் என்பதை இங்கே டெசிபல் தீர்மானிக்கவில்லை. சத்தம் போடுகிறவர் யார் என்பது தீர்மானிக்கிறது.

படத்தில் பேச்சே இல்லாத ஒரு காட்சி, திரையில் ஒருவர் சாகிறார், அரங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது அழுகை கேட்டால் எனக்கும் கவனம் கலையும். டிக்கெட் எடுத்தவருக்குப் படத்தை ஒழுங்காகப் பார்க்கும் உரிமை உண்டு. தாய்மார்கள் இந்த உரிமையை மறுக்கிறார்கள் என்று யார் சொன்னது? அழத் தொடங்கிய பிள்ளையோடு இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்ணை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் முதல் சிணுங்கலிலேயே, இருட்டில் பத்துப் பேரின் முழங்காலைத் தாண்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியேறுகிறார்கள். சிக்கல் அதன்பிறகு தொடங்குகிறது. வெளியே வந்து எங்கே போவாள்? பாப்கார்ன் கவுண்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு நடைபாதை. உட்கார நாற்காலி கிடையாது. பால் கொடுக்க மறைவு கிடையாது. டயபர் மாற்ற வேண்டுமென்றால் கை கழுவும் இடத்து ஈரக் கல்லின் மேல் பிள்ளையைக் கிடத்த வேண்டும். ஓரளவு அழுகை அடங்கியதும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அந்த இடுக்கு வழியே திரையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையின் முதுகைத் தட்டியபடி பாதிப் படத்தை நின்றே பார்க்கிற பெண்களைப் பெரிய மால்களில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பால் கொடுக்கத் தனியறைகள் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. அவற்றில் சில பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றில் மின்விசிறி சுற்றவில்லை. ஆனாலும் பிள்ளையோடு ஒரு பெண் இங்கே வருவாள், அவளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அரசு எண்ணியது. கோடிக்கணக்கில் செலவு செய்து சாய்வு இருக்கை, லேசர் புரொஜெக்டர், கூரையில் ஒலிபெருக்கி என்று அமைக்கிற அரங்குக்கு, எட்டுக்கு எட்டு அடியில் அப்படி ஓர் அறை தோன்றவில்லை. அதன்பிறகு இடைஞ்சலுக்குக் காரணம் அந்தப் பெண் என்கிறோம்.

இனி காது. எதிர்த்தரப்பு வாதங்களில் உண்மையான எடை உள்ளது இது ஒன்றுக்குத்தான். இதை விளையாட்டாகத் தள்ள மாட்டேன். சினிமா அரங்கின் ஒலியைச் சரிசெய்ய உலகம் முழுக்க ஒரு முறை இருக்கிறது. திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலித்தடத்தையும் 85 டெசிபல் என்ற அளவில் பொருத்துகிறார்கள். அதற்குமேல் 20 டெசிபல் உச்சத்துக்கு இடம் விடுகிறார்கள். ஆக, ஒரு தடத்திலிருந்தே 105 டெசிபல் வரை வரலாம். இடி, குண்டு போன்றவற்றின் அடிச்சத்தத்துக்கான தனித்தடம் 115 வரை போகலாம். ஒலிக்கருவியின் குமிழை 7 என்ற எண்ணில் வைத்தால் கிடைக்கும் அளவு இது. தொழிற்கூடங்களில் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் கேட்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. பச்சைப்பிள்ளையின் காதுக்குழாய் சின்னது என்பதால் கீச்சுச் சத்தங்கள் அதன் செவிப்பறையில் இன்னும் அழுத்தமாக விழும்.

ஆகவே சொல்கிறேன்: வெடியும் துப்பாக்கியும் நிறைந்த படத்துக்கு, முதல் வாரக் கூட்டத்தில், பக்கச் சுவர் ஒலிபெருக்கியை ஒட்டிய இருக்கைக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள். வேறு எந்தப் படத்துக்குப் போனாலும் நடுப்பகுதியில் இருக்கை எடுங்கள். குழந்தைகளுக்கென்றே விற்கும் காதுமூடியை மாட்டுங்கள். பிள்ளை திடுக்கிட்டு விழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிறந்து சில வாரமே ஆன சிசுவை அடைத்த அரங்கில் கூட்டத்துக்குள் கொண்டுபோவதையும் நான் ஆதரிக்கவில்லை. தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையே 9 மாதம் முடிந்தபின்தான் போடப்படுகிறது. தட்டம்மை காற்றில் பரவும் நோய். இதையெல்லாம் பிள்ளையின் மருத்துவரிடம் கேட்டுத் தாய் முடிவு செய்வாள். முன்வரிசைக்காரர் முடிவு செய்யத் தேவையில்லை.

ஆனால் காதின் கணக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அந்தக் குமிழ் யார் கையில் இருக்கிறது? தியேட்டர் கையில். குறைத்து வைக்கிற அரங்குகள் உண்டு. ரசிகர்கள் ஆர்ப்பரிக்க வேண்டும் என்று ஏற்றி வைக்கிற அரங்குகளும் உண்டு. பொழுதுபோக்கு இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. பிள்ளையின் காதைக் கெடுக்கும் சத்தம் பக்கத்தில் இருக்கும் ஏழு வயதுச் சிறுமியின் காதையும் கெடுக்கும், அவளுடைய தாத்தாவின் காதையும் கெடுக்கும். தினமும் நான்கு காட்சி, ஆண்டுக்கணக்கில், கையில் டார்ச் லைட்டோடு அங்கேயே நிற்கும் ஊழியரின் காதை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் காதுக்காக உருகுகிறவர்கள் அவருக்காக ஒருநாளும் பேசியதில்லை. அக்கறை காது மீதுதான் என்றால் கோரிக்கை ‘ஒலியைக் குறை’ என்று வந்திருக்கும். ‘அவள் வரக் கூடாது’ என்று வருகிறது. குமிழைத் திருகினால் தீரும் விஷயத்துக்கு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

திரை பார்த்தால் குழந்தையின் மூளைக்குக் கெடுதல் என்ற வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது உண்மை. ஓடியாடும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் அன்றாடம் திரை தின்றுவிடுகிறதே என்பது அந்த அறிவுரையின் கவலை. நான்கு மாதப் பிள்ளை தாயின் தோளில் திரைக்கு முதுகு காட்டித் தூங்குகிறது. வீட்டில் சோறூட்ட நாள்தோறும் செல்போனைக் கையில் கொடுப்பதைப் பற்றிப் பேச அந்த அறிவுரையைப் பயன்படுத்துங்கள்.

வயதைக் காட்டிப் பிள்ளைகளைத் தடுக்கும் அதிகாரத்தை வாசலில் நிற்பவர்களிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன் ஒரு சம்பவம் இருக்கிறது. 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி தியேட்டருக்கு ‘பத்து தல’ படம் பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தை, கையில் டிக்கெட் இருந்தும், வாசலில் தடுத்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் தட்டிக்கேட்டார்கள், காணொளி பரவியது, பிறகு உள்ளே விட்டார்கள். தியேட்டர் தரப்பு சொன்ன விளக்கம் இது: படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, 12 வயதுக்குட்பட்டவர்களைச் சட்டப்படி அனுமதிக்க முடியாது, வந்த குழந்தைகளுக்கு வயது 2, 6, 8, 10.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 12 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதுதான் அன்று யு/ஏ சான்றிதழ். வாசலிலேயே தடுக்க வேண்டியது ‘ஏ’ சான்றிதழ் படத்துக்கு மட்டும். 2024இல் வந்த புதிய விதிகள் யு/ஏவை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தன. அவையும் பெற்றோர் முடிவெடுக்க உதவும் குறிப்புகளே. அதே சென்னையில் அதே வகைப் படங்களுக்கு, காரில் வந்திறங்கும் குடும்பத்தின் இரண்டு வயதுப் பிள்ளையை எந்த வாசலில் யார் நிறுத்தினார்கள்? குழந்தைகளின் நன்மை என்ற பேச்சு எவ்வளவு எளிதாக வேறொன்றுக்குப் போர்வையாகிறது என்பதை அன்று நாடே பார்த்தது. அதனால்தான் ‘இத்தனை வயதுக்குக் கீழ் அனுமதியில்லை’ என்று ஒரு பலகை மாட்டிவிடலாமே என்ற யோசனை எனக்கு அச்சம் தருகிறது. பலகை எல்லோருக்கும் ஒன்றுபோல எழுதப்படும். ஆனால் யாரிடம் அதைக் காட்டுவது என்பதை வாசலில் நிற்பவர் முடிவு செய்வார்.

ஹைதராபாத் சம்பவத்தையும் இந்த வாதத்துக்கு இழுக்கிறார்கள். 2024 டிசம்பர் 4 இரவு, சந்தியா தியேட்டரில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சியின்போது நெரிசலில் ஒரு தாய் இறந்தார். அவருடைய சிறுவயது மகன் உயிருக்குப் போராடினான். அந்த வேதனை ஆறும் முன்பே, ராத்திரியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏன் போனார்கள் என்ற கேள்வி கிளம்பிவிட்டது. நடிகர் வருகிறார் என்றால் வாசலை எப்படித் திறப்பது, கூட்டத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளைக் கேட்க வேண்டிய நேரத்தில், இறந்துபோனவரிடம் கணக்குக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம், 16 வயதுக்குட்பட்டவர்களைக் காலை 11 மணிக்கு முன்னும் இரவு 11 மணிக்குப் பின்னும் காட்சிகளுக்கு விட வேண்டாம் என்று இடைக்கால உத்தரவிட்டது; பின்னர் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. நள்ளிரவுக் காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் நெரிசலில் சிக்கினால் பெரியவர்களும் சாகிறார்கள். அந்த வாசல் சரியாக இருந்திருந்தால் அந்தத் தாயும் மகனும் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள்.

செய்ய முடிந்ததை வேறு இடங்களில் செய்து காட்டிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் கைரளி, ஸ்ரீ, நிலா வளாகத்தில் 2022இல் ‘க்ரை ரூம்’ அமைத்தார்கள். அரங்கோடு ஒட்டிய அறை. கண்ணாடி வழியே திரை தெரியும். பிள்ளையின் சத்தம் வெளியே கேட்காது. தொட்டிலும் டயபர் மாற்ற இடமும் உண்டு. இங்கிலாந்தில் பிக்சர்ஹவுஸ் தியேட்டர்கள் ‘பிக் ஸ்க்ரீம்’ என்ற பெயரில், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு வருகிறவர்களுக்கென்றே காட்சிகள் நடத்துகின்றன. இந்த இரண்டில் எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. கண்ணாடி அறை நல்லது, கட்டாயம் வேண்டும். ஆனால் அது மட்டும் இருந்தால், தூங்கும் பிள்ளையோடு வரும் பெண்ணைக்கூட ‘அதான் ரூம் இருக்கே, அங்க போய் உட்காரு’ என்று தள்ளிவிடும் நாள் வரும். அவளுக்கென்று ஒரு காட்சி இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஒலி தாழ்ந்திருக்கும். விளக்கு முழுதாக அணையாது. நடைபாதையில் தள்ளுவண்டி நிறுத்தலாம். ஒரு பிள்ளை அழுதால் இன்னொரு தாய் கிலுகிலுப்பையை எடுத்து நீட்டுவாள். பிள்ளையில்லாதவர்கள் வேறு காட்சிக்குப் போகலாம். அமைதி வேண்டும் என்றவர்களுக்கும் அதுதானே வேண்டும்?

உச்ச நீதிமன்றமே பிள்ளை தியேட்டருக்குள் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் பேசுகிறது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்பளித்தபோது, குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதோடு, கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் நியாயமான அளவில் கொண்டுவரலாம் என்றும் குறிப்பிட்டது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பையைச் சோதித்துப் பால் பாட்டிலையும் சத்துமாவுக் கஞ்சியையும் எடுத்து வைக்கச் சொன்னால், கொடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் தியேட்டர் நடத்த 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரும் சென்னையில் காவல் ஆணையரும் கொடுக்கிறார்கள். இருக்கை வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, எத்தனை கழிப்பறை, அவசர வழி எங்கே என்றெல்லாம் விதிகள் உண்டு. பால் கொடுக்கும் அறையும் டயபர் மாற்றும் மேடையும் அந்த வரிசையில் சேர ஒரு அரசாணை போதும். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒலி அளவைப் பரிசோதித்துச் சான்று கேட்பதும் கடினமான காரியமில்லை. டயபர் மேடையை ஆண்கள் கழிப்பறையிலும் வைக்க வேண்டும். தகப்பனும் எழுந்து வரட்டும்.

தியேட்டர்காரர்களுக்கு இதில் நட்டம் ஒன்றும் இல்லை. வாரநாள் காலைக் காட்சிகள் எப்படி ஓடுகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். பத்துப் பேர் வராமல் காட்சியை ரத்து செய்கிற நாட்கள் எத்தனை! பெண்கள் கூட்டம் குறைந்துவிட்டது, குடும்பங்கள் வருவதில்லை என்று ஒவ்வொரு பேட்டியிலும் வருந்துகிறார்கள். வராமல் எப்படி இருப்பார்கள்? பிள்ளை பிறந்த ஆண்டில் தியேட்டர் வாசலில் முகம் சுளிக்கக் கண்ட குடும்பம் அந்தப் பழக்கத்தை அத்தோடு விடுகிறது. பிள்ளை வளர்ந்தபின் அது திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதற்குள் வீட்டுச் சுவரில் பெரிய டிவி ஏறிவிடுகிறது.

டிக்கெட் கட்டணத்தை உயர்த்தித் தர வேண்டும், கூடுதல் காட்சிக்கு அனுமதி வேண்டும் என்று உரிமையாளர்கள் அரசிடம் போவது வழக்கம்தான். அடுத்த முறை போகும்போது அரசும் பதிலுக்குக் கேட்கட்டும். வாரத்தில் ஒரு நாள் காலையில், தாழ்த்திய ஒலியோடும் பாதி விளக்கோடும் பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு காட்சி. பால் கொடுக்க ஓர் அறை. யு/ஏ படத்துக்கு டிக்கெட்டோடு வரும் எந்தக் குழந்தையையும் வாசலில் தடுக்க மாட்டோம் என்று எழுத்தில் ஓர் உறுதி. இவை மூன்றும் கிடைக்காமல் கட்டணக் கோப்பில் கையெழுத்து விழக் கூடாது.